கழுத்து என்று சொன்னால்

இந்தப் பருவத்திலிருந்து எங்கள் பக்கத்துக் கபடிப் போட்டிகளில் ஒரு புது விதி வந்திருக்கிறது. பிடிபட்டவன் ‘கழுத்து’ என்று சொன்னால் நடுவர் அந்தக் கணமே விசில் ஊதிவிட வேண்டும். அந்த ரைடு, அதாவது அவன் எதிரணிக் களத்துக்குள் பாடிப்போன அந்த முறை, செல்லாது, யாருக்கும் புள்ளி கிடையாது. மருத்துவர் வந்து பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அவன் மறுபடி களத்தில் இறங்கலாம். கிருஷ்ணகிரியில் நடந்த கூட்டத்தில் இதை வாசித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கத் தண்ணீர் குடிக்கப் போவதுபோல வெளியே வந்துவிட்டேன்.

இனி பிடித்தவன் நம்பினாலும் நம்பாவிட்டாலும் விசில் வந்துவிடும். அதனால்தான் இதை எழுத முடிகிறது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

கபடி பார்க்கிறவர்கள் என்னை அந்த வீடியோவில் பார்த்திருப்பீர்கள். செல்போனில் இன்னும் சுற்றுகிறது. அரையிறுதி ஆட்டம், கடைசி ரைடு. எதிரணி ரைடரின் இடுப்பை நான் கட்டிப்பிடித்திருக்கிறேன். இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் நாங்கள் இறுதிப் போட்டியில். திடீரென்று இரண்டு கையையும் விரிக்கிறேன். அவன் முன்னால் சரிந்து நடுக்கோட்டைத் தொட்டுவிடுகிறான். யாரோ ஒரு புண்ணியவான் என் கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, மெதுவாக ஓடவிட்டு, ‘விலை போன கை’ என்று எழுதியும் வைத்திருக்கிறான். ஓசூர் பஸ் நிலையத்தில் டீ குடிக்கக்கூட விடமாட்டார்கள். “ஏன்ணா வுட்டீங்க?” என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

என் பெயர் மாதேஷ். ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி அணிக்கு இடது கார்னராக, அதாவது இடது ஓரத்தில் நின்று ரைடரைப் பிடிக்கிறவனாக, ஆடினேன். தொலைக்காட்சியில் வரும் லீக் தொடங்கியபோது, சம்பளத்துக்குக் கபடி ஆடிய முதல் கூட்டத்தில் நானும் ஒருவன். கற்றுக்கொண்ட கதையை நீட்டுவதாக இல்லை. தளிப் பக்கம் கேழ்வரகு அறுத்த நிலத்தில் ஆடினேன், முட்டியில் தோல் நிற்கவில்லை, மாவட்ட அணிக்கு ஆடினேன், விளையாட்டு ஒதுக்கீட்டில் கம்பெனியில் வேலை கிடைத்தது. மீதி எல்லாம் அடிபட்டுக் கற்றதுதான்.

கம்பெனியில் எனக்கு இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் அப்படியே மைதானத்துக்கு ஓடுவோம். ஆட்டம் தொடங்கும் முன் நடுவர் ஒவ்வொருவன் நகத்தையும் பார்ப்பார், கை காலைத் தடவிப் பார்ப்பார். உடம்பில் எண்ணெய் இருந்தால் பிடி வழுக்கும், அதனால் அனுமதி இல்லை. எங்களுக்கோ முழங்கை வரை மெஷின் எண்ணெய். “உங்க கம்பெனில ஆளுக்கும் கிரீஸ் அடிச்சித்தான் வெளிய அனுப்புவாங்களா?” என்று எதிரணிக்காரர்கள் கேலி பேசுவார்கள். சோப்புத் தூளைப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் களத்தில் நிற்போம். தேய்த்துத் தேய்த்துத் தோல் எரியும். ஆனால் என் பிடியில் விழுந்தவன் போனான் என்று யாரும் சொன்னதில்லை. இதில் எனக்குக் கர்வம் உண்டு, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ரைடருக்கு மூச்சு எப்படியோ அப்படி கார்னருக்குப் பிடி. பிடி நழுவியது என்று ஒரு கார்னரைச் சொன்னால் அவன் அடிக்க வருவான். நானும் இரண்டு பேரை அடித்திருக்கிறேன்.

இனி மத்தூர் ஆட்டத்தைச் சொல்ல வேண்டும்.

கம்பெனி அணியில் எங்கள் ரைடர் முருகேசன். ராயக்கோட்டைக்காரன், தக்காளி மண்டியில் மூட்டை தூக்கி வளர்ந்த உடம்பு. மத்தூரில் திருவிழாப் போட்டி, மண் களம். நான் அவுட்டாகி வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முருகேசன் பாடிக்கொண்டு போனான். மூன்று பேர் சேர்ந்து அவனை அமுக்கினார்கள். தலை மண்ணில் குத்த, உடம்பு மடங்கியது. மேலே ஆட்கள் விழுந்தார்கள். அவன் துள்ளினான், பிறகு துள்ளவில்லை.

ரைடர்களுக்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. செத்த பாம்பு மாதிரிக் கிடப்பார்கள். பிடித்தவன் சற்றே தளர்ந்தால் போதும், ஒரே எக்கு எக்கிக் கோட்டைத் தொட்டுவிடுவார்கள். அதனால் எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்ததே, துவண்டால் இன்னும் இறுக்கிப் பிடி என்பதுதான். அவர்களும் அதைத்தான் செய்தார்கள். விசில் வரும்வரை பிடித்தார்கள். அவர்கள்மேல் எனக்கு இன்றுவரை கோபம் கிடையாது, நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். முருகேசன் எழுந்திருக்கவில்லை.

பெங்களூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவன் என்னிடம் சொன்னான்: “கழுத்துன்னு சொன்னேன்டா மாதேஷு. ரெண்டு வாட்டி சொன்னேன். ஏமாத்தறான்னு நெனச்சிக்கினாங்க.” அவன் அதன்பிறகு நடக்கவில்லை. இப்போதும் ராயக்கோட்டையில் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறான்.

அந்தச் செய்தி ஊர் ஊராகப் பரவியது. கபடி ஆடுகிறவர்கள் யாருக்கும் சில வாரம் சரியாகத் தூக்கம் இல்லை. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது, கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவும் இல்லை. ஆனால் அடுத்த வருடத்துக்குள் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் வந்துவிட்டது. பிடிபட்டவன் ‘கழுத்து’ என்று சொன்னால் பிடித்தவன் அந்த நிமிடமே கையை விட்டுவிட வேண்டும். எதையும் யோசிக்கக் கூடாது, நடுவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. அதற்குப் பதிலாக, அந்தச் சொல்லைச் சொன்னவன் கோட்டைத் தொட்டிருந்தாலும் சரி, தானாக எழுந்து அவுட் வரிசைக்குப் போய்விட வேண்டும். புள்ளியைத் தொடக்கூடாது. நடுவருக்கு இதில் வேலையே இல்லை, ஆட்டக்காரனுக்கும் ஆட்டக்காரனுக்கும் நடுவில் உள்ள பேச்சு. கர்நாடக எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கம் ஆடப்போனால் அங்கேயும் இதே வழக்கம்தான். அவர்கள் ‘குத்திகெ’ என்பார்கள். சொல் வேறாக இருந்தாலும் கழுத்து ஒன்றுதானே.

மஞ்சுநாத் என் கண்ணில் முதலில் பட்டது அங்கேதான். ஆனேக்கல் பக்கத்துப் பையன், என்னைவிட இளையவன், ரைடர். சிறுத்தை மாதிரி இடுப்பு. என் மனைவி சரளாவின் அம்மா ஊரும் அந்தப் பக்கம்தான், அதனால் என்னை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவான். ஒருமுறை எங்கள் பையன் ஒருவன் அவன் அணியிடம் சிக்கிக்கொண்டு ‘கழுத்து’ என்று அலறியபோது, முதலில் கையை விட்டது மஞ்சுதான். மேலே கிடந்தவனையும் இழுத்துத் தள்ளினான். அன்றைக்கே அவனை எனக்குப் பிடித்துப்போனது.

பிறகு லீக் வந்தது. என்னை எடுத்த அணியில் பெரும்பாலும் வடக்கத்தி ஆட்கள். பயிற்சியாளர் பட்டாளத்தில் இருந்து வந்தவர், எல்லோரும் சுபேதார் என்றே கூப்பிடுவோம். குட்டையான மனிதர், மீசை மட்டும் பெரிது. கத்தவே மாட்டார். தப்புச் செய்தவன் பக்கத்தில் வந்து, அவன் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி நிற்பார். அந்த மௌனத்துக்கு நாலு அறை வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கும்.

அவருடைய பயிற்சியில் ஒரு விசித்திரம் உண்டு. கார்னரும் அவன் பக்கத்தில் நிற்கும் கவர் ஆட்டக்காரனும் களத்தில் கைகோத்து நிற்பது எல்லா அணியிலும் உள்ளதுதான். சுபேதார் எங்களை நாள் முழுக்கக் கைகோத்து வைத்தார். காலையில் நடக்கும்போது, பஸ்ஸில், சாப்பாட்டு மேசையில்கூட. என் கவர் சந்தீப், ஹரியானாக்காரன், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. என் வலது கை அவன் இடது கையில் இருக்கும். நான் ஸ்பூனை இடது கையில் பிடித்துக்கொண்டு பருப்பைச் சட்டையில் ஊற்றிக்கொள்வேன். வீட்டுக்கு போன் பண்ணி, “உன் கையைக்கூட நான் இவ்ளோ நேரம் புடிச்சதில்ல” என்றால் சரளா சிரிப்பாள். ஆனால் ஒரு மாதத்தில் பலன் தெரிந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் பொறு, இரண்டு அழுத்து அழுத்தினால் பாய். அவன் உள்ளங்கை வியர்த்தாலே அவன் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும்.

சுபேதார் என்னிடம் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். ஓசூர்க்காரனுக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தண்ணீர்பட்ட பாடு. எதிரணி தங்களுக்குள் என்ன பேசினாலும் எனக்குப் புரியும். அவர்கள் கூடிப் பேசும்போது நான் அந்தப் பக்கம் ஷூ கயிறு கட்டுவதுபோலக் குனிவேன். கேட்டதைச் சந்தீப்புக்குச் சைகையில் சொல்வேன். “உன் கையைவிட உன் காதுக்குத்தான் நான் அதிக விலை கொடுத்திருக்கிறேன்” என்று சுபேதார் இந்தியில் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். விஷயம் மற்ற அணிகளுக்கும் தெரிந்து, என்னைக் கண்டால் வாயை மூடிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

அந்தச் சீசன் நான் நன்றாக ஆடினேன். அடுத்த சீசனுக்கும் உன்னை எடுக்கப்போகிறேன் என்று சுபேதார் வாய்விட்டே சொல்லியிருந்தார். கம்பெனியில் சம்பளமில்லாத விடுப்பில் வந்திருந்தேன். முப்பதைத் தாண்டிய உடம்பு, இன்னும் இரண்டு மூன்று வருடம்தான் தாங்கும். அந்த இரண்டு மூன்று வருடத்தை நம்பித்தான் நானும் சரளாவும் எல்லாக் கணக்கும் போட்டிருந்தோம்.

அரையிறுதியில் எதிரணிக்கு ரைடர் மஞ்சு.

ஆட்டம் முழுக்க இழுபறி. விளக்கு வெளிச்சத்தில் களத்தில் விரித்த ரப்பர் மேட் கொதித்தது. பாட்டும் மேளமுமாக ஒலிபெருக்கி காதைக் கிழித்தது. பக்கத்தில் நிற்பவன் பேசினாலே கேட்காது, அதனால் கையழுத்தம்தான் எங்களுக்குப் பேச்சு. கடைசி ரைடு வந்தபோது நாங்கள் இரண்டு புள்ளி முன்னால். நடுவர் முடிவை வீடியோவில் மறுபடி பார்க்கச் சொல்லும் ரிவ்யூவை முன்பே வீணாக்கியிருந்தோம். மஞ்சுவைப் பிடித்தால் நாங்கள் இறுதிப் போட்டிக்குப் போகலாம். அவன் வெறுமனே திரும்பிப் போனாலும் நாங்கள்தான். அவனோ எங்களில் மூன்று பேரையாவது தொட்டுவிட்டுக் கோட்டைத் தொட்டாக வேண்டும்.

பாடிக்கொண்டு வந்தான். என் பக்கம் பார்க்கவே இல்லை. வலது மூலைக்குப் போவதுபோல உடம்பைக் காட்டிவிட்டுச் சட்டென்று என்மேல் காலை வீசினான். சந்தீப்பின் கை இரண்டுமுறை அழுத்தியது. நான் கணுக்காலில் விழுந்தேன். சிக்கிவிட்டான். காலை உதறி என்னையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுப் பக்கம் பாய்ந்தான், நான் தொடைக்கு ஏறினேன், தொடையிலிருந்து இடுப்புக்கு. சந்தீப் அவன் தோளில் மோதினான். வலது கார்னர் ஓடிவந்து மேலே விழுந்தான். நான்கு பேரும் ஒரே மூட்டையாகச் சரிந்தோம். மஞ்சுவின் தலை முதலில் மேட்மேல் இடித்ததைப் பார்த்தேன். அவன் கழுத்து ஒரு பக்கமாக மடங்கி, அதன்மேல் இரண்டு பேர் பாரம்.

அவன் கை நடுக்கோட்டுக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. என் இரண்டு கையும் அவன் இடுப்பைப் பூட்டியிருந்தன. என் காது அவன் தோள்பட்டையில் அமுங்கியிருந்தது. கபடி, கபடி என்று அவன் பாடுவது என் எலும்புக்குள் கேட்டது. பாட்டு மெலிந்தது. பிறகு அதே தாளத்தில், அதே சுரத்தில்:

“அண்ணா, குத்திகெ. குத்திகெ அண்ணா. கை ஆடதில்லா.”

கழுத்து அண்ணா, கை அசையவில்லை என்கிறான். பாடுகிற மூச்சில் வேறு சொல் வந்தால் ரைடர் அவுட், அது விதிப்புத்தகத்தில் உள்ளது. ஆனால் அந்தச் சத்தத்தில் நடுவருக்குக் கேட்க வழியில்லை. மற்ற இருவருக்கும் கேட்டிருந்தாலும் புரியாது. அந்த மைதானத்தில் அந்தச் சொல் எனக்கு மட்டும்தான் வந்து சேர்ந்தது.

உடம்பு துவண்டிருந்தது. நான் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். கை தானாக விரிந்தது. அதன்பிறகுதான் “கழுத்து, கழுத்து, எழுந்திரிங்கடா” என்று தமிழில் கத்தினேன். யாருக்குத் தமிழ் புரியும்? மேலே இருந்த பாரம் அழுத்த, என் பூட்டு இல்லாத உடம்பு முன்னால் வழுக்கியது. அவன் விரல்கள் கோட்டைத் தாண்டி விழுந்தன. விசில். பிடித்த மூன்று பேரும் அவுட், அவர்களுக்கு மூன்று புள்ளி. அரங்கம் வெடித்தது.

நான் மண்டியிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளியைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. ஏனென்றால் அவன் எழுந்தால் தானாக அவுட் வரிசைக்குப் போவான், எழாவிட்டால் புள்ளி யாருக்கு வேண்டும்? அவர்களுடைய மருத்துவ ஆள் ஓடிவந்தார். மஞ்சு மெதுவாக எழுந்தான். பிடரியைப் பிடித்துக்கொண்டு கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினான். கையும் அசைந்தது. எனக்கு உயிர் வந்தது. அப்பாடா என்று சிரித்துக்கூட விட்டேன். அந்தச் சிரிப்பும் வீடியோவில் இருக்கிறது. தோற்றவன் சிரிக்கிறான் பார் என்று அதற்கும் ஒரு வட்டம்.

அவன் என்னைப் பார்த்தான். நான் காத்திருந்தேன். அவன் அணி ஆட்கள் அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

அன்று ஓட்டலில் சுபேதார் என்னை அறைக்கு அழைத்தார். லேப்டாப்பில் அந்த இடம் நின்றுகொண்டிருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“அவன் பேசினானா?” என்றார்.

“பேசினான் சார். கழுத்து, கை அசையலன்னான்.”

“என்ன பாஷையில்?”

“கன்னடத்தில்.”

“வேறு யார் கேட்டது?”

“யாரும் இல்லை சார்.”

“பிடித்துக்கொண்டே கத்தியிருக்கலாமே. பாட்டு நின்றுவிட்டது என்று நடுவரைப் பார்த்துக் கத்தியிருந்தால் அவன் அவுட். உன் கை முதலில் விட்டது, வாய் பிறகுதான் திறந்தது.”

“கழுத்துன்னா முதல்ல கையைத்தான் சார் விடணும். எங்க ஊர்ல அப்படித்தான்.”

மணிக்கட்டிலிருந்து அவர் விரல்கள் விலகின. “நீ விற்றாய் என்று நான் நம்பவில்லை. ஆனால் முதலாளிகள் அந்தப் பையன் உன் மனைவியின் ஊர் என்பதுவரை கண்டுபிடித்துவிட்டார்கள். ரைடின்போது பேசினேன் என்று அவனே வாயால் சொன்னால் உன்னைக் காப்பாற்றலாம். சொல்வானா?”

சொன்னால் அவனே அவுட்டை ஒப்புக்கொண்டதாகிவிடும். இறுதிப் போட்டிக்கு முன்னால் எவன் ஒப்புக்கொள்வான்?

மறுநாள் காலைப் பயிற்சியில் நான் என் இடத்தில் நின்று கையை நீட்டினேன். சந்தீப் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. நீட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

இறுதிப் போட்டியில் மஞ்சு கழுத்தில் பட்டையான நாடா ஒட்டிக்கொண்டு ஆடினான். அவர்கள் வென்றார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து டிவியில் அந்த நாடாவையே பார்த்தேன். பாவம், உண்மையாகவே அடிபட்டிருக்கிறது, அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு நடுவில் புள்ளி வேண்டாம் என்று சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு மனிதன் நடக்கிறான் என்றால் அதில் என் கைக்கும் பங்கு இருக்கிறது. அடுத்த சீசன் ஏலத்தில் என் பெயரை எந்த அணியும் கேட்கவில்லை. எந்த லீக்கிலும் நான் மறுபடி ஆடவில்லை.

பிரஸ் ஷாப்புக்கே திரும்பினேன். கேன்டீனில் என் காதுபடவே பேசினார்கள். “மாமியார் ஊருக்குச் சீர் செஞ்சுட்டாருப்பா” என்றான் ஒருவன். தட்டை அவன் முகத்தில் எறிந்தேன், அதற்கு மெமோ வாங்கினேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சரளா ஒருநாள் கொதித்துப்போய், “நான் ஆனேக்கலுக்குப் போயி அவன் வூட்டு வாசல்ல நின்னு கேக்கறேன். சொன்னியா இல்லியாடான்னு கேக்கறேன்” என்று புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான்தான் தடுத்தேன். “கேட்டு வாங்கறதுக்கு அது என்ன கடனா? அவனா வந்து சொல்லணும்” என்றேன். அவள் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அவனாக வருவான் என்று நான் வருடக்கணக்கில் காத்திருந்தேன். ஒவ்வொரு பண்டிகைக்கும் போன் அடித்தால் அவனாக இருக்குமோ என்று தோன்றும்.

வந்தான். இந்த விதியெல்லாம் வருவதற்குச் சில வருடம் முன்பு, சூளகிரியில் நெடுஞ்சாலைப் பக்கத்து மைதானத்தில் ஒரு போட்டி. ஆடி முடித்த உடம்பு சும்மா இருக்காதே, நான் லைன் நடுவராகப் போயிருந்தேன். காலையில் முதல் ஆட்டத்திலேயே கெலமங்கலத்துப் பையன் ஒருவன் அமுங்கிக் கிடந்து “கழுத்து” என்றான். பிடித்திருந்த இரண்டு பேரும் நெருப்பைத் தொட்டதுபோலக் கையை எடுத்தார்கள். அவன் எழுந்து, பிடரியைத் தேய்த்துக்கொண்டு, நடுவர் சொல்லாமலேயே அவுட் வரிசையில் போய் உட்கார்ந்தான். எவனும் வியக்கவில்லை. ஆட்டம் தொடர்ந்தது.

மதியம் பரிசு கொடுக்க மஞ்சுநாத் வந்தான். அவனும் ஆட்டத்தை நிறுத்திவிட்டிருந்தான், உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது. மாலை, பட்டாசு எல்லாம் முடிந்ததும் என்னிடம் வந்து, “அண்ணா, ஒரு மாத்து” என்று, ஒரு வார்த்தை பேசணும் என்பதைக் கன்னடத்தில் சொல்லி, ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போனான். கடைசியில் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.

“என் பையன் அந்த வீடியோவ பாத்துட்டான்ணா. இந்த ஆளு துட்டு வாங்கிட்டாராப்பான்னு கேட்டான். எனக்குச் சோறு எறங்கல” என்றான்.

“அடிபட்டது நெசம்தானேடா. அத அவன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே.”

அவன் தரையைப் பார்த்தான். “கழுத்துக்கு ஒண்ணும் ஆகலண்ணா.”

எனக்கு முதலில் விளங்கவில்லை.

“உங்க டீம்ல எங்க பேச்சு புரியறது நீங்க ஒருத்தர்தான். நீங்க புடிச்சா மட்டும் குத்திகென்னு சொல்லணும்னு நான் முன்னாடியே மனசுல வெச்சிருந்தேன். வேற யாரு புடிச்சாலும் பிரயோஜனம் இல்ல. நீங்கன்னா வுட்டுருவீங்கன்னு தெரியும்.”

“கழுத்துல நாடா ஒட்டியிருந்தியே?”

“நானே கேட்டு ஒட்டிக்கிட்டேன்.”

அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். பிடித்த பிடியில் பொத்தான் தெறித்தது. இத்தனை வருடம் என் பெயர் நாறியது, பிழைப்புப் போனது, சரளா கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டது ஒரே ஒரு நினைப்பில்: ஒருவன் கழுத்தைக் காப்பாற்றினேன் என்று. அதையும் இவன் பிடுங்கிக்கொண்டான். அடிக்கத்தான் கை ஓங்கினேன். அவன் தடுக்கவில்லை.

“அடிங்கண்ணா. அடிச்சிட்டு வாங்க. நான் இப்பவே மைக்க புடிச்சி எல்லாத்தையும் சொல்லிடறேன். எல்லாரும் போன்ல எடுக்கட்டும். உங்க பேரு சுத்தமாயிடும்” என்றான். அழுதுகொண்டுதான் சொன்னான். மேடையை நோக்கி நடக்கவும் ஆரம்பித்தான்.

போகட்டும் என்றுதான் நின்றேன். அந்த நிமிடத்துக்காகத்தானே காத்திருந்தேன். நாளை காலை கேன்டீனில் ஒவ்வொருவன் முன்னாலும் போனைத் தூக்கிக் காட்டலாம். சரளாவிடம் காட்டலாம். நாலு எட்டு வைத்திருப்பான். காலையில் கையை எடுத்த அந்த இரண்டு பேர் என் நினைவுக்கு வந்தார்கள். இவன் மைக்கில் சொல்லி, அது ஊரெல்லாம் சுற்றினால், அடுத்த ஆட்டத்தில் எவனாவது கழுத்து என்று முனகும்போது அவர்கள் என்ன நினைப்பார்கள்? மஞ்சு மாதிரி ஏமாற்றுகிறான் என்றுதானே. இறுக்கித்தானே பிடிப்பார்கள்.

ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து இழுத்தேன். “சொல்லாதடா.”

“ஏன்ணா?”

“நீ இத வாயில எடுத்தீன்னா நாளைக்கி ஒருத்தன் நெசமா கழுத்துன்னு கத்தும்போது எவன்டா வுடுவான்? பொய்யின்னு நெனச்சி அமுக்குவானுங்க. உன் பையனும் ஆடறான் இல்ல? அவன எவன் வுடுவான்?”

அவன் மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அதற்குள் ஆட்டக்காரப் பையன்கள் அவனோடு படம் எடுக்கச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தன் என்னையும் அடையாளம் கண்டுவிட்டான். போனை எங்கள் இருவர் முகத்துக்கும் நேராக நீட்டினான்.

“ரெண்டு பேரும் ஒண்ணா மாட்டிக்கினீங்க. இன்னைக்காவது சொல்லுங்கணா, எதுக்கு வுட்டீங்க?”

மஞ்சு என்னைப் பார்த்தான். இன்னும் ஒரு கணம் விட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

“எங்கடா வுட்டேன்?” என்றேன். “புடி நழுவிடுச்சி. நம்ம பிடியெல்லாம் இவன்கிட்ட நிக்குமா?”

பையன்கள் ஓவென்று சிரித்தார்கள். “அதான பாத்தேன், நழுவிடுச்சாம்டா” என்று ஒருத்தன் பின்னால் இருந்தவனுக்குச் சொன்னான். மஞ்சு மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு ஆட்களைக் கூப்பிட்டார்கள். நான் கொடியை எடுத்துக்கொண்டு என் கோட்டருகே போய் நின்றேன்.